விளையாட்டுக்கு ஒரு வானொலி

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரைக்குச் செல்லும் சாலையில் அமைந்த மத்தூர் போன்ற ஊர்களுக்கு வானொலி என்பது எந்நாளும் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த விருந்தாளியாகவே இருந்து வந்திருக்கிறது. பழைய மரப்பெட்டி ரேடியோவின் முள்ளை 720இல் நிறுத்தினால் சென்னை. 936இல் நிறுத்தினால் திருச்சி. 612இல் நிறுத்தினால் பெங்களூர். தூரத்தைக் கணக்கிட்டால் நமக்குச் சென்னையைவிடப் பெங்களூரே அண்மை. ஆகையால் தமிழ் தெரிந்தவர் கன்னட நிலையத்தைக் கேட்பதும், வீட்டில் தெலுங்கு பேசுவோர் திருச்சியைக் கேட்பதும் இப்பகுதியில் யாருக்கும் புதுமையாகத் தோன்றியதில்லை. மாநிலங்களுக்கு எல்லை வகுத்தவர்கள் மத்திய அலைக்கு எல்லை வகுக்கவில்லை.

இந்த வெளியூர் விருந்தாளி கொண்டுவந்த பொருள்களில் பாட்டும் செய்தியும் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். விளையாட்டைப் பற்றி எழுதியவர் குறைவு. ஒரு விளையாட்டுக்களத்தை அப்படியே பெயர்த்து எடுத்து, நூறு இருநூறு மைல்களுக்கு அப்பால் உள்ள தறிக்குழியிலும் மாந்தோப்பிலும் கொண்டுவந்து வைத்தது அந்தப் பெட்டி. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், விளையாட்டுக்கென்றே ஒரு வானொலி நமது சிற்றூர்ப் பக்கம் ஏன் இன்னும் அமையவில்லை என்பதையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

முதலில் நமது மாகாணத்தின் வரலாறு. கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நாம் அறிந்து பெருமை கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. சென்னையில் வானொலியை முதன்முதலில் தொடங்கியது சர்க்காரும் அன்று, பெரும் வியாபாரக் கம்பெனியும் அன்று. சந்தா செலுத்திய அங்கத்தினர்களைக் கொண்ட ஒரு சங்கமேயாகும். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924ஆம் ஆண்டு மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்னும் அமைப்பு உருவாயிற்று. அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி 40 வாட் ஆற்றல் கொண்ட சிறிய யந்திரத்தின் மூலம் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. 40 வாட் என்றால் நமது வீட்டில் முன்பு எரிந்த ஒரு சாதாரண மின்விளக்கின் அளவு! பின்னர் 200 வாட் யந்திரம் வந்தது. ஆனால் சங்கங்களுக்கு வழக்கமாக வரும் நோய் இதற்கும் வந்தது. கேட்பவர் பலராகவும் சந்தா செலுத்துபவர் சிலராகவும் இருந்தால் எந்தச் சங்கம்தான் நிற்கும்? காற்றில் வரும் பாட்டுக்கு வேலி கட்ட முடியாதல்லவா? 1927இல் கிளப் தன் ஒலிபரப்பை நிறுத்தியது. யந்திரம் சென்னை நகரசபையின் கைக்குச் சென்றது. நகரசபை 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒழுங்காக ஒலிபரப்பி வந்தது. ரேடியோப் பெட்டி வாங்க இயலாத ஜனங்கள் கடற்கரையில் ஒலிபெருக்கியின் கீழ் மணலில் அமர்ந்து கேட்டார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 16இல் திருச்சி நிலையம் வந்தது. பெங்களூருக்கு 1955வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1935இல், மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் சொந்த முயற்சியால் ஒரு நிலையம் நடத்தினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததேயாகும்.

விளையாட்டு வர்ணனையோ கடல் கடந்த நாடுகளில் தோன்றிய கலை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகர நிலையம் 1921இல் குத்துச்சண்டையையும் பேஸ்பால் ஆட்டத்தையும் ஒலிபரப்பியது. இங்கிலாந்தில் பி.பி.சி. 1927 ஜனவரி 15ஆம் தேதி ரக்பி ஆட்டம் ஒன்றைக் களத்திலிருந்து வர்ணித்தது. ஒரு வாரம் கழித்துக் கால்பந்து. அக்காலத்தில் ஆட்டக்களத்தின் படத்தைக் கட்டங்களாகப் பிரித்துப் பத்திரிகையில் அச்சிட்டார்கள். ஒருவர் ஆட்டத்தை வர்ணிக்க, மற்றொருவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டில் இருப்பவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் பந்தைத் தொடர்ந்து செல்வார். அந்த முதல் வர்ணனையாளர் வேக்லம் என்பவருக்கு உதவியாக, கண்பார்வை இழந்த ஒருவரை அருகில் அமர்த்தி, “இவருக்குச் சொல்வதாக நினைத்துப் பேசுங்கள்” என்றார்களாம். வர்ணனைக் கலையின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு ஏற்பாட்டில் அடங்கிவிட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது. பார்ப்பவனுக்குச் சொல்வது வேறு. காணாதவனுக்குச் சொல்வது வேறு. இன்று தொலைக்காட்சியில் வாய் ஓயாமல் பேசுவோரில் பலர் இந்த வேற்றுமையை அறியாதவர்கள்.

சிறு பட்டணத்து நிலையங்கள் இத்துறையில் செய்த வேடிக்கைகளும் உண்டு. களத்துக்கு ஆள் அனுப்பப் பணம் இல்லாத நிலையங்கள், தந்தியில் வரும் இரண்டொரு சொற்களை வைத்துக்கொண்டு, அறைக்குள் அமர்ந்தபடியே ஆட்டம் முழுவதையும் வர்ணித்தன. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்டு ரீகன் 1930களில் அயோவா மாகாணத்து நிலையம் ஒன்றில் இத்தொழிலைச் செய்தவர். ஒரு முறை ஆட்டத்தின் நடுவே தந்தி நின்றுபோயிற்றாம். ஆட்டம் நின்றது என்று சொன்னால் கேட்போர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவர். ஆகவே பந்தை அடிப்பவர் ஒவ்வொரு பந்தையும் கோட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டே இருப்பதாகத் தந்தி மீண்டும் வரும்வரை சொல்லிச் சமாளித்தாராம். இதை அவரே பல மேடைகளில் கூறி மகிழ்ந்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் 1938ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த டெஸ்ட் ஆட்டங்களை இவ்வாறே சிட்னியில் அமர்ந்து வர்ணித்தார்கள். பென்சிலால் மரத்துண்டைத் தட்டினால் மட்டையில் பந்து பட்ட ஓசை. இசைத்தட்டைச் சுழற்றினால் ஜனத்திரளின் ஆரவாரம். இதைப் பித்தலாட்டம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டோம். கடல் கடந்து நேரே குரலைக் கொணரும் சாதனம் சரிவர இல்லாத காலத்தில், இரவெல்லாம் விழித்திருந்த ஜனங்களுக்கு ஆட்டத்தின் போக்கை உண்மையாகச் சொன்னார்கள்; ஓசையை மட்டுமே உண்டாக்கிக்கொண்டார்கள்.

இந்தியாவில் இக்கலையைத் தொடங்கியவராகச் சொல்லப்படுபவர் பம்பாய் ஏ. எப். எஸ். தல்யார்கான். 1934இல் எஸ்பிளனேடு மைதானத்தில் பார்சிகளும் முஸ்லிம்களும் மோதிய நாற்கோணக் கிரிக்கெட் ஆட்டத்தை அவர் வர்ணித்தார். நாள் முழுவதும் தனியொருவராகவே பேசும் ஆற்றல் படைத்தவர். 1948-49இல் மேற்கிந்தியத் தீவு அணி வந்தபோது மூவர் மாறி மாறிப் பேசும் முறையை வானொலி கொண்டுவர, மைக்கை மற்றவருடன் பகிர்ந்துகொள்ள விரும்பாமல் அவர் விலகிவிட்டார். அபாரமான குரல், ஆனால் எந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் ஏற்ற மனிதர் அல்லர் என்றே நாம் கருதுகிறோம்.

அதே 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதிதான் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சென்னை சேப்பாக்கத்தில் நடைபெற்றது. மோதியவை சென்னையும் மைசூரும். எல்லைப்புறத்தவராகிய நாம் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று யோசித்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். ஏனெனில் ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்த, ஒரே நாளில் சென்னை வென்றுவிட்டது. 1952 பிப்ரவரி 10இல் அதே சேப்பாக்கத்தில்தான் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றது. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட்டுகளை எடுத்தார். 1954-55இல் சென்னைக்கு முதல் ரஞ்சிக் கோப்பையை வென்று தந்த தலைவர் பாலு அழகண்ணன் பிற்காலத்தில் வானொலியின் ஆங்கில வர்ணனையாளராகவும் புகழ் பெற்றார்.

ஆங்கில வர்ணனை என்றோம். அதுதான் நீண்ட காலம் நமது ஜனங்களுக்கு இருந்த தடை. சென்னை கிளப்புகளில் வளர்ந்த ஆட்டத்தின் மொழி ஆங்கிலமாக இருந்தது. தலைநகரிலிருந்து வந்த மற்றொரு குரல் இந்தியில் பேசியது. ஆயினும் இரண்டும் அறியாத நெசவாளரும் விவசாயியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வீரர்களின் பெயர், ஓட்டங்களின் எண்ணிக்கை, குரலின் ஏற்ற இறக்கம், பின்னணியில் எழும் ஆரவாரம் ஆகிய நான்கையும் கொண்டு ஆட்டத்தை ஊகித்துக்கொண்டார்கள். இந்த ஊகத்தில் ஊருக்கு ஒருவர் நிபுணராக இருப்பார். டீக்கடையில் அவரிடம் கேட்டுத்தான் மற்றவர்கள் ‘ஸ்கோர்’ அறிவார்கள். 1975 மார்ச் 15இல் கோலாலம்பூரில் உலக ஹாக்கிக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று இந்தியா வென்றபோது, ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை நாடெங்கும் கேட்டது. சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது அதற்கு ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டு 15இல்தான். ஆகவே அசோக் குமாரின் வெற்றிக் கோலை நமது பகுதியில் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. அத்தனை பேரும் காதால் கண்டவர்களே.

நெசவுக்கும் வானொலிக்கும் உள்ள உறவை இங்கே குறிப்பிடாமல் மேலே செல்ல முடியாது. குழித்தறியில் அமர்ந்தவருக்குக் கை இரண்டும் வேலையில். கால் இரண்டும் மிதிப்பலகையில். கண் பாவின் மீது. ஓய்வாக இருப்பது காது ஒன்றே. அந்தக் காதுக்கு ஏற்ற சாதனம் வானொலி. தொலைக்காட்சி கண்ணைக் கேட்கிறது. கண்ணைக் கொடுத்தால் இழை அறுந்தது தெரியாது. ஐந்து நாள் நடக்கும் டெஸ்ட் ஆட்டமோ தறிக்கென்றே படைத்தது போன்றது. பாவு நீள்வது போல ஆட்டமும் நீளும். இரண்டிலும் அவசரப்பட்டால் கெடும். 1960களில் டிரான்சிஸ்டர் வந்தபின் விவசாயிக்கும் இந்தப் பாக்கியம் கிட்டியது. பம்புசெட் கொட்டகையின் ஆணியிலும் மாமரக் கிளையிலும் பெட்டி தொங்கிற்று. தஞ்சையில் ஆடுதுறை 27 என்ற நெல் வானொலியின் வாயிலாகவே பரவி ‘ரேடியோ நெல்’ என்று பெயர் பெற்றது இக்காலத்தில்தான். உழவுச் செய்தியைக் கேட்க வாங்கிய பெட்டியில் கிரிக்கெட்டும் கேட்டது. கிரிக்கெட் கேட்க வாங்கிய பெட்டியில் உழவுச் செய்தியும் கேட்டது. எது முதலாயிற்று என்பதை வாங்கியவரே அறிவார்! பின்னர் கைத்தறி இருந்த இடங்களில் விசைத்தறி வந்தது. அதன் இரைச்சலில் காதும் வேலைக்குப் போய்விட்டது. வானொலி கேட்போர் குறைந்ததற்குத் தொலைக்காட்சியை மட்டும் காரணமாகச் சொல்வோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழில் கிரிக்கெட் வர்ணனை 1980களில் வேரூன்றியது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், வி. ராமமூர்த்தி முதலியோரின் குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று ஐம்பது வயதைக் கடந்து நிற்கிறது. நாடக மேடையிலும் வானொலி நாடகத்திலும் பழகிய நாக்கு இவர்களில் சிலருக்கு இருந்தது. அதுவே பெரிய மூலதனம். பந்துவீச்சாளர், மட்டையாளர், சுழற்பந்து, எல்லைக்கோடு என்று சொற்களை ஆக்கியும் ஏற்றும் கொண்டார்கள். விக்கெட்டை விக்கெட் என்றே விட்டுவிட்டார்கள். இந்த நிதானம் பாராட்டத் தக்கது. எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருந்தால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் சொல் வாய்க்குள்ளேயே நின்றிருக்கும். ஊரிலிருந்த ஊக நிபுணர்களுக்கு அன்றோடு வேலை போயிற்று. எல்லோரும் நேரே கேட்கலானார்கள்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இவ்வளவும் சென்னையின் ஆட்டத்தை மத்தூருக்குக் கொண்டுவந்த கதை. மத்தூரின் ஆட்டத்தை மத்தூருக்கே சொல்லும் வானொலி எது?

அமெரிக்காவில் நாள் முழுவதும் விளையாட்டையே ஒலிபரப்பும் நிலையம் 1987 ஜூலை முதல் தேதி நியூயார்க்கில் தோன்றியது. அங்கே சிறு பட்டணங்களிலும் உள்ளூர்ப் பள்ளிக்கூட ஆட்டத்தை வெள்ளிக்கிழமை இரவுகளில் வர்ணிக்கும் நிலையங்கள் உண்டு. உள்ளூர்க் கடைக்காரர் விளம்பரம் கொடுக்கிறார். பிள்ளையின் பெயரை வானொலியில் கேட்கத் தாயும் பாட்டியும் பெட்டியைத் திறக்கிறார்கள். இந்த இரண்டின் மேல் அந்நிலையங்கள் நிற்கின்றன. நம் நாட்டில் வானொலி நெடுங்காலம் சர்க்காரின் கையிலேயே இருந்தது. அக்கதவைத் திறந்ததும் ஒரு விளையாட்டு வழக்கே என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கோப்பை ஆட்டங்களை ஒலி ஒளி பரப்பும் உரிமை பற்றி எழுந்த தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995 பிப்ரவரி 9ஆம் தேதி நீதிபதிகள் பி. பி. சாவந்த், எஸ். மோகன், பி. பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அளித்த தீர்ப்பு, வானலைகள் பொதுச்சொத்து என்று முழங்கியது. ஏரித் தண்ணீரும் மேய்ச்சல் நிலமும் போல வானலையும் பொது என்பதை நமது அங்கத்தினர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தீர்ப்பின் வழியே சமுதாய வானொலி வந்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006இல் இலாப நோக்கமற்ற தொண்டு அமைப்புகளுக்கும், வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் உரிமம் கிடைக்க வழி பிறந்தது. 2016 ஆகஸ்டு 15இல் பாம்பனில் மீனவர்களுக்கென்று ‘கடல் ஓசை’ தொடங்கப்பட்டது. நமக்கு இன்னும் அண்மையில், எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டம் பூதிகோட்டையில், உரிமம் தரும் சட்டம் வருவதற்கு முன்பே ‘நம்ம த்வனி’ என்ற பெயரில் கிராமத்தார் ஓர் ஒலிக்கூடம் அமைத்தார்கள். அலையில் அனுப்ப அனுமதி இல்லாததால் கம்பி வழியாக வீடுகளுக்கு ஒலியை அனுப்பினார்கள். ஹைதர் அலி பிறந்த ஊர் அது. முயற்சிக்கு அங்கே பஞ்சமில்லை போலும்!

இத்தகைய நிலையத்தின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வது நலம். மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்வது. இரவில் மேல்வானத்து மின்படலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் எட்டுவது. அதனால்தான் மாலை கடந்ததும் இலங்கை வானொலி நமக்குத் தெளிவாகக் கேட்டது. பண்பலையோ ஏறத்தாழ பார்வை எட்டும் தூரத்துக்கே செல்லும். குன்று குறுக்கிட்டால் தடைப்படும். குன்றுகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது சிறு விஷயம் அன்று. தருமபுரி வானொலியின் 102.5 பண்பலை நமக்கு அண்மை நிலையம். சமுதாய வானொலியின் பரப்பு ஆற்றல் 100 வாட். கோபுரம் 30 மீட்டருக்கு மேற்படக் கூடாது. சமதரையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டினால் அதிகம். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரில் ஆக்கப்பட வேண்டும் என்பது விதி. 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய அளவுக்கே ஏறத்தாழ நாம் திரும்பி வந்திருக்கிறோம் என்பது வேடிக்கைதான்.

பெரிய ஆட்டங்களை இத்தகைய நிலையம் வர்ணிக்க இயலாது. அவற்றின் உரிமை கோடிக்கணக்கில் விற்கப்படுகிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களை அரசு ஒலிபரப்புடன் பகிர வேண்டும் என்று 2007இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. தனியார் பண்பலை நிலையங்களுக்கான 2011ஆம் ஆண்டுக் கொள்கையும் விளையாட்டின் நேரடி ஒலிபரப்பைத் தடுத்துவிட்டு, உள்ளூர் ஆட்டங்களின் வர்ணனைக்கு மட்டும் இடம் விட்டது. ஆனால் நகரத்து நிலையங்கள் அந்த இடத்தைப் பெரிதும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. சினிமாப் பாட்டு ஒலிப்பது எளிது, திடலுக்கு ஆள் அனுப்புவது செலவு. நாம் விளம்பரதாரரைக் குறை கூறவில்லை. உள்ளூர் ஆட்டத்துக்கு மதிப்பில்லை என்று நாமே நினைத்துவிட்டால் அவர் ஏன் காசு கொடுக்கப் போகிறார்?

உண்மையில் வர்ணனையாளருக்கும் நம்மிடம் குறைவில்லை. தைப் பொங்கலையொட்டி நமது மாவட்டத்தில் நடைபெறும் எருது விடும் விழாவைக் கண்டவர்கள் இதை அறிவார்கள். குறித்த தூரத்தை எந்த எருது குறைந்த நேரத்தில் கடக்கிறது என்பதே போட்டி. எருதின் ஊர், உரிமையாளர் பெயர், ஓடிய வினாடி ஆகியவற்றை மைக் பிடித்தவர் மூச்சுவிடாமல் அறிவிப்பார். அடுத்த எருது வாடியை விட்டு வருவதற்குள் முந்தையதன் பெருமையை இரண்டு வரியில் சொல்லி முடிப்பார். இரவில் மின்விளக்கின் கீழ் நடக்கும் கபடிப் பந்தயங்களிலும் அப்படியே. பாடிச் சென்றவர் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று நடுவர் விசில் ஊதுமுன் இவர் குரல் சொல்லிவிடும். 1990இல் பீகிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாக ஏற்கப்பட்டபின் இவ்வாட்டத்துக்கு உலக மதிப்பு வந்துவிட்டது. உள்ளூர்த் திடலின் குரலுக்கு வரவில்லை. இவர்கள் எவரும் வானொலி நிலையத்தில் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். காணாதவனுக்குச் சொல்லும் கலை இவர்களுக்கு இன்னும் பழக்கமாகவில்லை. ஏனெனில் எதிரில் நிற்பவர் எல்லோரும் கண்டுகொண்டே இருக்கிறார்கள். வேக்லம் பக்கத்தில் அமர்ந்த பார்வையற்ற நண்பரைப் போல் ஒருவரைச் சில மாலை வேளைகளில் இவர்களுக்கு அருகே அமர்த்தினால் போதும்.

தொண்டு அமைப்பு எதுவாயினும் பதிவு பெற்று மூன்று ஆண்டுகளேனும் பணியாற்றியிருந்தால்தான் உரிமத்துக்கு மனுச் செய்யலாம். இலாப நோக்குடைய ஸ்தாபனங்களுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் இடமில்லை. சந்தா வசூலில் சென்னை கிளப் கண்ட அனுபவத்தையும் மறக்கலாகாது. யந்திரம் வாங்குவது ஒரு நாள் செலவு. மின்கட்டணமும் ஆள் சம்பளமும் மாதந்தோறும் வரும் செலவு. அதுவரையில் மத்தூர்ப் பக்கத்துத் திடல்களின் குரல், கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி எட்டும் தூரத்துக்கே, அதாவது காற்று சாதகமாக இருந்தால் அடுத்த ஊர் எல்லை வரையிலேயே செல்கிறது.